இடது பக்கம், கீழ

அந்தப் பொதிய கீழ வையுங்க சாரே. நான் காலை ஒதுக்கித் தாறேன். இம்பிடு பெரிய பொதிய மடியில வச்சுக்கிட்டு எம்பிடு தூரம் இருப்பிய? வேண்டாமா? அழுக்காயிருமா? ஓ, துணியாக்கும். சரி, மடியிலயே இருக்கட்டும். எனக்கென்ன.

உங்க ஊரு எதுன்னு நான் கேக்கமாட்டேன். தப்பா நினைக்கப்பிடாது. நம்ம பக்கத்துல பஸ்ஸுல வந்து இருந்த உடனே ஊரைக் கேக்காதவன் உண்டுமா? நானும் அப்பிடித்தான் இருந்தேன். ஊரைக் கேட்டா அந்த ஊருல பந்து விளையாடுறவனைப் பத்திக் கேக்கணும். அவனைப் பத்திக் கேட்டா அவனுக்க அப்பன் எப்பிடி விளையாடுனான்னு நான் சொல்லணும். பொறவு எனக்க வாய் நிக்காது. அதனால இப்பம் ஊரு கேக்கது இல்ல. எங்க ஊரு குருசடியில அந்தோணியாருக்கு மெழுகுதிரி கத்திச்சு வச்சு நேர்ச்சை நேந்தாச்சு. மேட்சு இருக்கிற காலத்துல பந்தைப் பத்தி வெளியாள்கிட்ட ஒரு வார்த்தை பேசமாட்டேன்னு.

இப்பம் பந்து முடிஞ்சாச்சு இல்லியா. அதனால பேசலாம். அந்தோணியாருக்கும் அது தெரியும்.

நான் நெடுந்துறை. கிளிட்டஸுன்னு கேட்டா சொல்லுவாவ. மீன் வண்டி ஓட்டுகேன். வண்டி இப்பம் ஒர்க்‌ஷாப்புல கிடக்கு, இல்லன்னா நான் எதுக்கு இந்த பஸ்ஸுல கிடந்து குலுங்குகேன்? விடிஞ்சா மீனு ஏத்துவேன். ஞாயித்துக்கிழமை ஆனா அதே வண்டியக் கழுவி எங்க ஊரு டீம ஏத்திக்கிட்டுப் போவேன். எம்பிடு கழுவினாலும் அந்த மணம் போவாது. எங்க பயலுவ கிரவுண்டுல இறங்கும்போதே எதிர் டீம்காரன் மூக்கைப் பொத்துவான். அதுலயே பாதி ஜெயிச்சாச்சுன்னு நான் சொல்லுவேன்.

எங்க ஊருக்கு ரெண்டு டீம் உண்டு. பயலுவளுக்குப் பந்து, பொம்பிளப் பிள்ளையளுக்கு கபடி. ரெண்டையும் நான் விட்டதில்ல. வெயிலுன்னு இல்ல, மழையின்னு இல்ல. எனக்க கல்யாணத்துக்கு மறுநாளு செமிஃபைனலு. மாமியார் வீட்டு விருந்த விட்டுட்டுப் போனேன். அதை இன்னைக்கும் சொல்லிக் காட்டுவா எனக்க பெண்டாட்டி. ஆனா அன்னைக்கு நாங்க ஜெயிச்சோம், அதை அவ சொல்லமாட்டா.

பந்து டீம்னா, உள்ளதைச் சொல்லணும் சாரே, இப்பம் பழைய டீமு இல்ல. முன்னால நிக்குறவன் ஒருத்தன், தலைமுடியில மஞ்சக் கலரு. கோல் அடிச்சா பந்து வலையில விழுந்துதான்னு பாக்கமாட்டான், பொம்பிளையளு நிக்குற பக்கம் பாப்பான். டிஃபென்ஸுல நிக்குறவன் ஏறிப் போனா திரும்பி வாறதுக்கு கடிதாசி போடணும். கோச்சு எங்க பள்ளிக்கூடத்து பி.டி. சாரு. நல்ல மனுசன். ஆனா ரெண்டாம் பாதியில கசேரியில இருந்தபடியே உறங்கிப் போவாரு. இதெல்லாம் நான் அவியளுக்க முகத்துக்கு நேரயே சொல்லுவேன். கிளிட்டஸ் மாமா உள்ளதை உள்ளபடி சொல்லுவாவன்னு ஊருல பேரு. தப்பா ஒருத்தனைத் திட்டினாலும் எனக்குப் பொறுக்காது, தப்பா ஒருத்தனைப் புகழ்ந்தாலும் பொறுக்காது. அது ஒரு வியாதி மாதிரி, சவம்.

கபடிப் பிள்ளையளு வேற ஜாதி. தங்களுக்குள்ள சண்டை போட்டுக்கிட்டே ஜெயிச்சிரும். அதைப் பத்தி பொறவு சொல்லுகேன்.

பந்து டீமுல கொள்ளாவுன்ன ஒருத்தன்னா கீப்பர்தான். ஷஜின். எனக்க தங்கச்சி மவனாக்கும். மருமவன்கிறதுக்காகச் சொல்லல்ல. நான் எப்பவும் எங்க போஸ்டுக்குப் பின்னாலதான் நிப்பேன். வலைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். 'வலது பக்கம் ஒருத்தன் வாறான் மக்ளே', 'இவன் இடது காலுக்காரன் மக்ளே'ன்னு சொல்லிக்கிட்டே இருப்பேன். அவன் திரும்பிப் பாக்கமாட்டான், தலையை மட்டும் ஆட்டுவான். ரெண்டு வருசத்துக்கு முன்னால ஒரு பெனால்டி பிடிச்சான் பாருங்க, பந்து எங்க போவுமோ அங்க முந்தியே போய்க் கிடந்தான். எதிர் ஊருக்காரனே கை தட்டினான். எந்த ஊருன்னு... இல்ல, ஊரு வேண்டாம்.

அப்பிடிப்பட்டவன் இந்த வருசம் ஃபைனலுல நாலு கோலு விட்டான்.

நாலும் இடது பக்கம், கீழ.

ஏன்னு கேக்கமாட்டியளா? கேளுங்க. கேட்டாத்தான் எனக்கும் சொல்ல ஒரு இது இருக்கும்.

அவனுக்கு இடது தோளு சரி இல்ல. மழைக்காலத்துல வள்ளத்தைக் கரைக்கு இழுக்கும்போது கயிறு அறுந்து தோளு இறங்கிப் போச்சு. வர்ம ஆசான்கிட்ட நான்தான் எனக்க வண்டியில கொண்டு போனேன். ஆசான் பிடிச்சு ஏத்தி வச்சாரு, பத்தியம் சொன்னாரு, எண்ணெய் தந்தாரு. எல்லாம் சரியாச்சு. ஆனா இடது பக்கம் தரையோட தரையா விழணும்னா அந்தத் தோளு மேலதானே விழணும்? அதை மட்டும் அவனால செய்ய முடியாது. காலை நீட்டித் தடுப்பான், இல்லன்னா முந்தியே அந்தப் பக்கம் ஒரு அடி தள்ளி நிப்பான். ஒருத்தனுக்கும் கண்டுபிடிக்க முடியல்ல. பி.டி. சாருக்கே தெரியாது. தெரிஞ்சது அவனுக்கு, அவனுக்க அம்மைக்கு, எனக்கு.

அந்த ஃபைனலுக்கு ஒரு கம்பெனி டீமுக்கு ஆளு எடுக்குறவரு பாக்க வாறாருன்னு சொன்னாவ. எடுத்தா வேலை. சும்மா வேலை இல்ல, கம்பெனி வேலை. காலையில ஆபீஸு, சாயங்காலம் பிராக்டிஸு. எனக்க தங்கச்சி அதுக்கு ஒன்பது நாளு நவநாள் செபம் சொன்னா. ஷஜின் கையுறையக் கழுவிக் கழுவிக் காயப்போட்டான். 'இந்த ஒரு மேட்சு மட்டும் தோளு தாங்கினாப் போதும் மாமா'ன்னு எனக்கிட்ட ஒரு தடவை சொன்னான். வேற யாருகிட்டயும் சொல்லியிருக்கமாட்டான்.

அந்த வாரம் நான் கருங்கல் சந்தையில மீனு இறக்கிப் போட்டுட்டு டீ குடிக்க நிக்கேன். பக்கத்துல ஒருத்தன். நல்ல மனுசனாட்டு இருந்தான். பேப்பருல எங்க ஊரு ஃபைனல் சேதியைப் பாத்துட்டு, 'நெடுந்துறை கீப்பர் பூனை மாதிரியாக்கும், எந்தப் பக்கம் அடிச்சாலும் பிடிச்சிருவான்'ன்னான். நான் சும்மா டீயக் குடிச்சுட்டுப் போயிருக்கலாம். எனக்க மருமவனைத்தான் புகழுகான், வயிறு குளுந்து போயிருக்கலாம். ஆனா 'எந்தப் பக்கம் அடிச்சாலும்'னு சொன்னான் பாருங்க. அது தப்பு இல்லியா? எனக்குத் தெரியும் அது தப்புன்னு. பந்து தெரியாதவன் பேசுற பேச்சு. என்னால பொறுக்க முடியல்ல. 'கொள்ளாம், பூனைதான், ஆனா ஒரு பக்கப் பூனை'ன்னு சொல்லிப்போட்டேன். அவன் சிரிச்சான். 'அதென்ன கணக்கு?'ன்னான். நான் டீ கிளாசை போஸ்டாட்டு வச்சு, பிஸ்கெட்டை பந்தாட்டு வச்சு, விளக்கமாச் சொல்லிக் குடுத்தேன் சாரே. நல்ல விளக்கம். அவனும் நல்லாக் கேட்டான். எனக்க டீக்கும் சேத்து அவனே குடுத்தான்.

அன்னைக்கு ஊரு கேக்கணும்னு எனக்குத் தோணல்ல. பேச்சு ருசியில விட்டுப்போச்சு.

ஃபைனலுல எங்களுக்கு எதிர வந்தது ஏழுபனை டீமு. மொதல் பத்து நிமிசத்துலயே ஒருத்தன் கோலுக்கு நேரா நிக்கான், முன்னால ஒருத்தனும் இல்ல, நேர அடிக்கலாம். அடிக்கல்ல. பந்தை ஒதுக்கி, சாஞ்சு, இடது பக்கம் தரையோட உருட்டி விடுகான். ஷஜின் காலை நீட்டினான், எட்டல்ல. ரெண்டாவதும் அப்பிடி. நான் தலையத் தூக்கிப் பாத்தா, அந்தப் பக்கம் அவியளுக்க கொடிக்குக் கீழ நிக்கான் டீக்கடைக்காரன். டீக்கடை வச்சிருக்கவன் இல்ல, எனக்க பக்கத்துல நின்னு டீ குடிச்சவன். என்னைப் பாத்து கையக் காட்டினான். தெரிஞ்சவியளப் பாத்தா காட்டுவோம் இல்லியா, அப்பிடி. மரியாதையாட்டு.

மூணாவதுக்கு ஷஜின் விழுந்தான். அந்தத் தோளு மேலதான் விழுந்தான். எழும்பும்போது அவனுக்க முகத்தை நான் பாத்தேன், வலைக்கு இந்தப் பக்கம்தானே நிக்கேன். நாலாவதுக்கு அவனால கையைத் தூக்க முடியல்ல.

நான் என்ன செய்யதுக்கு? ஊரே கத்துது. 'கையை நீட்டுலேய்'னு கத்துகான், 'உறங்குதியாலேய்'னு கத்துகான். நானும் கத்தினேன். நான் ஒருத்தன் கத்தாம நின்னா என்ன ஏதுன்னு பாப்பானுவ இல்லியா? அதுக்காகக் கொஞ்சம் சத்தமாவே கத்தினேன். பழக்கமான சத்தமாக்கும், அவனுக்கு எனக்க சத்தம் தனியாத் தெரியும். அன்னைக்குத்தான் அவன் விளையாட்டுக்கு இடையில திரும்பிப் பாத்தான். ஒரே ஒரு தடவை.

கம்பெனிக்காரரு இடைவேளையிலயே காருல ஏறிப் போயாச்சு.

மறுநாளு ஊருல ஒரே பேச்சு. எனக்கிட்டதான் கேக்காவ. எப்பவும் அப்பிடித்தான், மேட்சு முடிஞ்சா மீன் வண்டியச் சுத்தி நின்னு 'என்ன மாமா நடந்துச்சு'ன்னு கேப்பாவ. கேக்குறவனுக்கு என்னவாவது சொல்லணும் இல்லியா? கண்ணு பத்தல்லன்னு சொன்னேன். காலம் கழிஞ்சு போச்சுன்னு சொன்னேன். கீப்பருக்கு இருபத்தஞ்சு வயசெல்லாம் ஒரு வயசா சாரே? ஆனா சொன்னேன். வாயில அதுதான் வந்துச்சு. நான் சொன்னா ஊரு நம்பும். இனி அடுத்த வருசம் ரெண்டாவது கீப்பரைத்தான் நிறுத்துவாவளாம். சின்னப் பய, பந்து வந்தா கண்ணை மூடுவான்.

என்ன சாரே, சன்னல் பக்கம் பாக்கிய? வெயில் அடிக்குதா? இல்லியா? சரி.

அடுத்த ஞாயிறு பூசை முடிஞ்சு ஷஜின் எனக்க வீட்டுக்கு வந்தான். நான் வாசல் முத்தத்துல இருந்து வண்டியில விரிக்கிற ரப்பர் மேட்டைக் கழுவுகேன். பக்கத்துல குத்தவச்சு இருந்தான். பொறவு கேட்டான், 'மாமா, நீங்கதான் உள்ளதை உள்ளபடி சொல்லுவிய. அன்னைக்கு எனக்கு எங்க பிழைச்சுது?' அப்பிடின்னு. நான் மேட்டைத் தேச்சுக்கிட்டே இருந்தேன். அவன் பாத்துக்கிட்டே இருக்கான். சின்ன வயசுல போஸ்டுக்குள்ள நின்னு பாப்பான் இல்லியா, அடுத்தது எந்தப் பக்கம் வரும் மாமான்னு, அந்தப் பார்வை.

'நீ லேட்டா விழுந்த மக்ளே'ன்னு சொன்னேன்.

அவன் தலையை ஆட்டினான். 'செரி மாமா'ன்னுட்டு எழும்பிப் போனான். போற வழியில அந்த மேட்டை எடுத்து மதில் மேல விரிச்சுப் போட்டுட்டுப் போனான். ஈரமா இருந்துச்சு, நல்ல கனம். அந்தத் தோளை வச்சுக்கிட்டு.

வாற திங்கக்கிழமை பஹ்ரைனுக்குப் போறான். அங்க வள்ளத்துல மீன் பிடிக்கிற வேலை. அவனுக்க கூட்டுக்காரன் ஒருத்தன் விசா எடுத்துக் குடுத்திருக்கான். கையுறைய எடுத்து ரெண்டாவது கீப்பருக்குக் குடுத்தாச்சு. 'எனக்கு விளையாட்டு முடிஞ்சு போச்சு'ன்னு அம்மைகிட்ட சொல்லியிருக்கான். அவ எனக்கிட்ட வந்து அழுதா, 'நீ ஒரு வார்த்தை சொல்லுண்ணே, நீ சொன்னா கேப்பான்'னு. நான் என்னத்தைச் சொல்ல?

என்ன கேட்டிய? அவனுக்குத் தெரியுமான்னா?

எது தெரியுமான்னு கேக்கிய? டீக்கடை விசயமா? ஒருத்தனுக்கும் தெரியாது. உங்ககிட்டதான் சொல்லுகேன், அதுவும் நீங்க யாருன்னு தெரியாததுனால. அவனுக்கு எப்பிடித் தெரியும்? நான் சொல்லல்ல. சொல்லலாம்னுதான் நினைச்சேன். நிசமாத்தான். பூசைக்குப் போனா நினைப்பேன், குருசடியத் தாண்டும்போது நினைப்பேன். ஆனா இப்பம் சொல்லி என்ன பிரயோசனம்? கோலு திரும்பி வருமா? அவனாவது நிம்மதியாப் போட்டும்னு இருக்கேன். ஆமா, அவனுக்க நிம்மதிக்காகத்தான்.

அப்பிடிப் பாக்காதிய சாரே.

வேற பேசுவோம். கபடி. நாளைக்கு எங்க ஊருல கபடி ஃபைனல், கேட்டியளா? வாங்க, பாக்க வேண்டிய மேட்சு. இதுலயும் ஏழுபனைக்காரியதான் எதிர வாறா. பந்துல போனதை இதுல பிடிச்சிருவோம்னு ஊரே நிக்குது. கபடி எனக்க நேர்ச்சையில இல்ல, நேர்ச்சை பந்துக்கு மட்டும்தான். அதனால தாராளமாப் பேசலாம்.

அபிஷான்னு ஒருத்தி. ஷஜினுக்க தங்கச்சி. அவ ஏறிப் போனா பாக்கணும்! கோட்டைத் தாண்டும்போது முகத்துல சிரிப்பு இருக்கும், உள்ள போனா சிரிப்பு இருக்காது. ரெண்டு பேரைத் தொடாமத் திரும்பமாட்டா. அண்ணனுக்கு கம்பெனி வேலை போச்சு இல்லியா, நாளைக்கு இவ விளையாட்டைப் பாத்துட்டு காலேஜுல ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல சீட்டு குடுப்பாவன்னு பேச்சு. அண்ணன்காரன் திங்கக்கிழமை பிளைட்டையே அவளுக்க மேட்சுக்குப் பொறவுன்னு பாத்துத்தான் எடுத்திருக்கான்.

இதைப் பாருங்க. எனக்க சட்டைப் பைக்குள்ள. நாகர்கோவில் கடையில வாங்கினது. கால் முட்டுல ஒட்டுற டேப்பு. இதை வாங்கத்தான் ஷஜின் என்னை அனுப்பினான்.

எந்த முட்டுக்குன்னு கேக்கமாட்டியளா? நீங்க ஒண்ணும் கேக்கமாட்டிய, நான்தான் எல்லாம் கேக்கணும்.

அபிஷாவுக்கு இடது முட்டு சரி இல்ல. போன வாரம் பிராக்டிஸுல மடங்கிப் போச்சாம். ஆனா டேப்பு எந்த முட்டுல ஒட்டப்போறா தெரியுமா? வலது முட்டுல! நல்ல முட்டுல! எதிர வாறவளுவ டேப்பு போட்ட காலைத்தானே பிடிப்பா? பிடிக்கட்டும், அது இரும்புக் காலு. கெட்ட காலு பாட்டுக்குத் தப்பிச்சிரும். எப்பிடி இருக்கு மூளை? ஷஜினுக்க மூளையாக்கும். ராத்திரிச் சாப்பாட்டுல எனக்கிட்டச் சொன்னான். எனக்க தங்கச்சி உடனே, 'அண்ணே, நீ யாருகிட்டயும் வாயத் தொறக்காதே'ன்னா. ஷஜின் என்னைப் பாத்து, 'மாமா சொல்லமாட்டாவ'ன்னான். சிரிச்சுக்கிட்டே சொன்னான். எனக்கு அப்பிடியே கண்ணு நிறைஞ்சு போச்சு சாரே. நான் செஞ்ச காரியத்துக்கு, என்னை நம்பி ஒரு ரகசியம் சொல்லுகான் பாருங்க. இந்தத் தடவை உசுரு போனாலும் வாயத் தொறக்கப்பிடாதுன்னு முடிவு பண்ணிட்டேன். காலையில இருந்து ஒர்க்‌ஷாப்புல ஒருத்தன்கிட்டயும் சொல்லல்ல. கடைக்காரன் கேட்டான், அவன்கிட்டயும் சொல்லல்ல.

எதுக்கு எழும்புறிய? இருங்க, ரோடு பிரியுற விலக்கு இன்னும் வரல்ல. முன்னால லாரி மறிச்சு நிக்குது, பாலத்தைத் தாண்ட பத்து நிமிசம் ஆவும். பொதி சரிஞ்சு போச்சு பாருங்க. இருங்க, நான் பிடிக்கேன். அவுந்து போச்சு. பச்சை ஜெர்சியா? விளையாட்டுச் சாமானா? முன்னயே சொல்லப்பிடாதா, நான் சேலையாக்கும்னு நினைச்சேன். இதுல என்ன எழுதியிருக்கு...

ஏழுபனை.

சாரே. நீங்க ஏழுபனையா?

உங்க மவளா? கபடி டீமுலயா? கேப்டனா?

ஐயோ, எனக்க அந்தோணியாரே.

நீங்க ஏன் சாரே முதல்லயே சொல்லல்ல? நான் கேக்கல்லன்னா? கேக்காட்டி என்ன, நீங்க சொல்லப்பிடாதா? நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே வாறேன், நீங்க பாட்டுக்குக் கேட்டுக்கிட்டே வாறிய. நடுவுல ரெண்டு தடவை சொல்ல வாயத் தொறந்தியளா? நான் விடல்லியா? இருக்கும். இருக்கும். நான் விட்டிருக்கமாட்டேன்.

சொல்லமாட்டேன்னு சொல்லுறிய. நீங்க நல்ல மனுசன்தான், முகத்தைப் பாத்தா தெரியுது. ஆனா டீக்கடையில நின்னவனும் நல்ல மனுசன்தான் சாரே. பெத்த மவளு நாளைக்கு இறங்குகா, எந்த அப்பன் சொல்லாம இருப்பான்? நானா இருந்தா சொல்லுவேன். நாளைக்கு அந்தப் பிள்ளைக்க இடது முட்டை நாலு பேரு சேந்து மடக்கும்போது நான் எந்தப் பக்கம் நின்னு கத்துவேன்?

இல்ல. இந்தத் தடவை மேட்சுக்கு முன்னாலயே சொல்லிருகேன். போனை எங்க வச்சேன்? டேப்புக்குக் கீழ. இருங்க.

ஹலோ? அபிஷா... ஷஜினா? நீயாடே எடுத்தது? அவளுக்க போனை நீ எதுக்கு... சரி, நீயே கேளு. மக்ளே, ஒரு காரியம் கெட்டுப்போச்சு. நான் பஸ்ஸுல நிக்கேன், ஏழுபனை விலக்குக்கு இந்தப் பக்கம். பக்கத்துல ஒரு சாரு. அவருகிட்ட முட்டு விசயத்தைச் சொல்லிப்போட்டேன். இடது முட்டு, டேப்பு, எல்லாம். அவரு ஏழுபனை கேப்டனுக்க அப்பாவாக்கும். திட்டு மக்ளே, என்ன வேணும்னாலும் திட்டு. ஆனா அவளை நாளைக்கு இறக்காதே, இல்லன்னா டேப்பை மாத்தி ஒட்டச் சொல்லு, இடது காலுல... சவம், இவரு இன்னும் இங்கதான் நிக்காரு. இதையும் கேட்டாச்சு.

என்னடே? சிரிக்கியா?

எதுக்குடே சிரிக்க?

என்னது, ரெண்டு முட்டுக்கும் ஒண்ணும் இல்லியா? மடங்கல்லியா? பிராக்டிஸுல விழல்லியா? பொறவு எதுக்கு எனக்கிட்ட அப்பிடிச் சொன்ன? எதுக்குடே இந்த வெயிலுல என்னை நாகர்கோவில் வரைக்கும் பஸ்ஸுல அனுப்பி...

ஓ.

நான் சொல்லுவேன்னு தெரிஞ்சுதான் அனுப்பினியா. யாருகிட்டயாவது போய்ச் சேரட்டும்னு. அவளுவ இடது காலைத் தேடிக்கிட்டுக் கிடக்கட்டும்னு. சரி. சரிதான் மக்ளே. நல்ல மூளைதான்.

இல்ல, கோவம் ஒண்ணும் இல்ல. சத்தம் ஒரு மாதிரி இருக்கா? பஸ்ஸு சத்தம்.

இல்ல, வைக்காதே. ஒண்ணு கேக்கணும். எனக்கிட்டச் சொன்னா வெளிய போவும்னு உனக்கு எப்பிடித் தோணிச்சு?

...

யாரு சொன்னா?

அவனே வந்து சொன்னானா? டீ குடிச்சவனா? மேட்சு முடிஞ்சு கை குடுக்கும்போதா? 'உங்க மாமா நல்ல விளக்கமாச் சொன்னாரு'ன்னா?

அன்னைக்கேயா? கிரவுண்டுல வச்சா?

அப்போ நீ பூசை முடிஞ்சு வீட்டுக்கு வந்தியே. குத்தவச்சு இருந்துக்கிட்டு, எங்க பிழைச்சுதுன்னு எனக்கிட்ட கேட்டியே. அப்பம் உனக்கு எல்லாம் தெரியும்.

ம்.

தெரிஞ்சுக்கிட்டுத்தான் கேட்டியா மக்ளே. நான் சொல்லுவேன்னு பாத்தியா.

சாரே, நீங்க எதுக்கு எனக்க தோளைப் பிடிக்கிய? லாரி ஒதுங்கியாச்சு பாருங்க, விலக்கு வந்தாச்சு, இறங்குங்க. உங்க பிள்ளைகிட்டச் சொல்லுங்க, எங்க அபிஷாவுக்கு ரெண்டு முட்டும் நல்லாத்தான் இருக்கு, பாத்து விளையாடுன்னு. ஆமா, அதையும் நான்தான் சொன்னேன்னு சொல்லுங்க. இந்த டேப்பையும் கொண்டு போங்க, உங்க பிள்ளையளுக்கு உதவும். எங்களுக்கு வேண்டாம். பிடிங்க சாரே.

மக்ளே, நீ போனை வச்சிராதே. நான் நேர உனக்க வீட்டுக்குத்தான் வாறேன். வந்து அம்மைக்கு முன்னால சொல்லுகேன், பொறவு மீன் வண்டிக்குப் பக்கத்துல நின்னு ஊருக்கும் சொல்லுகேன். ஆனா அதுக்கு முன்னால இதைக் கேட்டுக்கோ. திங்கக்கிழமை நீ போனாலும் சரி, போகாட்டியும் சரி.

நீ லேட்டா விழல்ல. கேக்குதா? நீ லேட்டா விழல்ல மக்ளே. நான் பொய் சொன்னேன்.